அட்டையில் இரண்டு ஓட்டை

கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, பத்து மீட்டர் தூரத்திலிருந்து கயிற்றில் ஆடிக்கொண்டே என் அட்டை வந்து சேர்ந்தது. அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

நான் சுட்டதோ ஒரே ஒரு குண்டு.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் இரண்டுதான். ஒன்று நட்டநடுவில், சட்டைப் பொத்தான் அளவு வட்டத்துக்குள் விழுந்திருந்தது. அதற்குப் பத்து மதிப்பெண். இன்னொன்று கறுப்பு வட்டத்தைத் தாண்டி வெள்ளையில் போய் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஆறு.

பக்கத்து மேசையில் நின்ற வைஜயந்தி டீச்சரும் தன் அட்டையை இழுத்துப் பார்த்தார். அதில் ஓட்டையே இல்லை. கடையில் வாங்கியபடியே இருந்தது.

டீச்சர் என் அட்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அது மாவட்டப் போட்டி. காற்றுத் துப்பாக்கி, அதிலும் கையில் பிடிக்கிற பிஸ்டல். அட்டைக்கு ஒரு குண்டு வீதம் அறுபது அட்டை, ஒன்றரை மணி நேரம். அறுநூறுக்கு ஐந்நூறு எடுத்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். எங்கள் கைக்கு வந்திருந்தது ஐம்பத்திரண்டாவது அட்டை. என் மனக்கணக்குப்படி நான் ஐந்நூறின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் மூச்சு பலமாக விட்டால்கூட விழுந்துவிடுவேன்.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் பிரசவம், பாம்புக்கடி, நாய்க்கடி என்று எழுதிவந்த நர்ஸம்மா கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கோபத்தில் வந்தது. அதைச் சொல்லிவிட்டு அட்டைக்கு வருகிறேன்.

வரிசை கலைந்த புதன்கிழமை

என் பெயர் ஆரோக்கியமேரி. இந்தப் பெயரை வைத்துவிட்டு என்னை வேறு எந்த வேலைக்கு அனுப்பியிருக்க முடியும்? பிறந்தது காவாந்தண்டலம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் உத்திரமேரூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஊசி போட்டவள். எங்கள் பக்கத்தில் பாதிக் குழந்தைகள் சோறு தின்று வளர்ந்தது என் புண்ணியத்தில்தான். "துன்றியா, இல்ல மேரி சிஸ்டர கூப்புடவா?" என்றால் தட்டு காலியாகும்.

ஊசி போடுவதில் எனக்கு ஒரு வித்தை உண்டு. குத்துகிற அதே நொடியில் ஒரு கேள்வி கேட்பேன்.

"நாஷ்டா ஆச்சா?"

இட்லியா உப்புமாவா என்று அவர்கள் யோசிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். பதில் வரும்போது நான் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பேன். வருஷக்கணக்கில் பழகிப் பழகி, வாய் கேட்டால்தான் விரல் அழுத்தும் என்று ஆகிவிட்டது. கேட்காமல் குத்தச் சொன்னால் எனக்குக் குத்தவே வராது.

புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். மூன்றரை வருஷத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை. கூட்டம் வாசல் வேப்பமரம் வரை நின்றது. ஊசி போட நானும் சுமதி சிஸ்டரும் மட்டும். பகல் ஒரு மணி வாக்கில் வைஜயந்தி டீச்சர் என் முன்னால் வந்தார். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கோயிலோடு சேர்ந்த குடும்பம். பத்து வருஷம் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, வேண்டாத தெய்வமில்லை என்று அலைந்து பெற்ற பெண் குழந்தை இடுப்பில் இருந்தது. ஒன்றரை வயது ஊசி.

மருந்தை ஏற்றிக் குழந்தையின் தொடைக்குக் கொண்டுபோனேன். ஊசி முனை ஆடியது. நானும் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார்.

"சிஸ்டர், உங்க கை நடுங்கறது."

கணக்கு டீச்சர் குரல், கடைசி பெஞ்சு வரை கேட்டுப் பழகியது. வேப்பமரம் வரை கேட்டது.

"நான் அந்த சிஸ்டர்கிட்டயே போட்டுக்கறேன்."

அவர் சுமதியின் வரிசைக்குப் போனார். அவருக்குப் பின்னால் நின்றவள் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டு நகர்ந்தாள். அடுத்தவள் சிரிக்கவும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் என் முன்னால் ஒரு ஈ காக்காய் இல்லை. பஞ்சு டப்பாவைத் திறந்து மூடி, திறந்து மூடி, அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாள் நீங்க ரெஜிஸ்டர் பாருங்களேன் சிஸ்டர்."

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. சுமதி லீவு போட்டால் மட்டும் ஊசித் தட்டு என் கைக்கு வரும். மற்ற நாளெல்லாம் பேர், வயசு, ஊர் எழுதுகிற வேலை. வீட்டுக்கு வந்து கையை நீட்டி நீட்டிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் லூர்துசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். விளிம்பு வரை டீ ஊற்றிய டம்ளரை என் கையில் கொடுத்துப் பரீட்சை வைத்தார்.

"ஒரு சொட்டு சிந்தல. நல்லாத்தான கீது? நீ ஏன் பேஜாராவுற?"

"அத அந்த டீச்சர்கிட்ட போய் சொல்லுய்யா!"

நெல் மில்லில் நாலு இட்லி

லூர்து ஒருநாள் செய்தியோடு வந்தார். வாலாஜாபாத்தில் மூடிக் கிடந்த ஒரு நெல் மில் குடோனுக்கு மரச்சாமான் இறக்கப் போனாராம்.

"அங்க துப்பாக்கி சுட கத்துக் குடுக்குறாங்க மேரி. உன் டீச்சரம்மா அங்க சுட்டுக்கினு கீது."

எனக்குக் காதில் புகை வந்தது. என் கையைக் குறை சொன்னவருக்குக் கை அவ்வளவு ஸ்திரமோ? யார் கை நடுங்குகிறது என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து, அதே பட்டுப்புடவையோடு நேராக மில்லுக்குப் போய் இறங்கினேன்.

கோச் திவ்யாவுக்கு இருபத்துநாலு வயது. கல்லூரிக் காலத்தில் நிறையப் போட்டிகளுக்குப் போனவள்.

"வாங்க ஆன்ட்டி. பொண்ண சேக்கணுமா?"

"நான்தாம்மா சேரணும்."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"நாஷ்டா பண்ணீங்களா?"

"இல்லம்மா. பூசைக்குப் போயிட்டு அப்டியே வரேன்."

"அப்ப போய் சாப்ட்டு வாங்க. வெறும் வயித்துல துப்பாக்கிய தொட விடமாட்டேன். கை ஆடும்."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அந்தப் புதன்கிழமை காலையில் நான் சாப்பிட்டிருக்கவில்லை. அதற்கு முந்தைய ராத்திரியும் ஒரு வாழைப்பழத்தோடு படுத்தவள். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் நாஷ்டா ஆச்சா என்று கேட்டவளை ஒரு ஆள் திருப்பிக் கேட்கவில்லை. நர்ஸ் வேலை பார்க்கிற எனக்கும் அது தோன்றவில்லை பாருங்கள், அதுதான் வெட்கக்கேடு.

எதிர்க் கடையில் உட்கார்ந்து நாலு இட்லி தின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடைக்காரர் சட்னி காரம் என்று நினைத்துக்கொண்டு ஒரு கரண்டி சர்க்கரையை என் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

காரணம் தெரிந்துவிட்டதே, வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் டாக்டரிடம் போய் "இட்லி சாப்பிடாததுதான் காரணம்" என்றால் சிரிப்பாரா மாட்டாரா? மாநிலப் போட்டிக்குத் தேர்வானேன் என்று ஒரு சான்றிதழைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்தால் சிரிக்க மாட்டார். புதன்கிழமை ஊசித் தட்டு என் கைக்குத் திரும்ப வரும். போதாததற்கு டீச்சர் வேறு உள்ளே நின்று டப்பு டப்பென்று சுட்டுக்கொண்டிருந்தார். நான் விடுவேனா?

சுவர், வெள்ளைத்தாள், கறுப்பு

துப்பாக்கி கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும். ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும். குண்டு மிளகு அளவு ஈயம். குழலின் வாய் எப்போதும் அட்டைப் பக்கம்தான் பார்க்க வேண்டும். மேசையில் வைக்கும்போது குழலுக்குள் ஒரு கலர் ஒயரைச் சொருகி, காலி என்று காட்ட வேண்டும். ஊசி மூடி விஷயத்தில் நான் எவ்வளவு கறாரோ, இதில் திவ்யா அதைவிடக் கறார்.

அப்படிப்பட்டவளிடம் முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பலர் பிடித்த துப்பாக்கியாயிற்றே என்று, பையிலிருந்த ஸ்பிரிட் பஞ்சை எடுத்து மரக் கைப்பிடியை அழுத்தித் துடைத்தேன். பாலிஷ் பஞ்சோடு வந்துவிட்டது.

"ஆன்ட்டி! அதுக்கு இன்னா ஊசியா போடப் போறீங்க?"

முதல் படி வெறும் சுவர். குண்டே கிடையாது. வெள்ளைச் சுவரைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டி, விசையை அழுத்தி, முனை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதம் இதே வேலை. வீட்டில் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துப் பழகினேன். லூர்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் படி கறுப்பு வட்டம் இல்லாத வெள்ளைத்தாள். "எங்க விழுந்தாலும் பரவால்ல, எல்லாம் ஒரே இடத்துல விழணும்" என்றாள் திவ்யா. என் முதல் பத்துக் குண்டில் தாளில் விழுந்தது மூன்று. ஆறு சுவருக்குப் போயின. மில் காலத்தில் மாட்டிய 'புகை பிடிக்காதீர்' போர்டு பின்சுவரில் இருந்தது. மீதி ஒன்று அதில் பாய்ந்தது. இன்றைக்கும் அந்த ஓட்டையைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்டி, "மேரி ஆன்ட்டி போட்டது" என்கிறாள்.

மூன்றாம் படிதான் கறுப்பு. அங்கே ஒரு கூத்து. கறுப்பைப் பார்க்கக் கூடாதாம். துப்பாக்கி முனையில் இருக்கிற சின்னக் குமிழைப் பார்க்க வேண்டுமாம். குமிழ் பளிச்சென்று தெரிய வேண்டும், கறுப்பு கலங்கலாகத் தெரிய வேண்டும். எனக்கு வெள்ளெழுத்து. இரண்டுமே கலங்கலாகத் தெரிந்தன. புதுக் கண்ணாடி போட்ட பிறகுதான் குமிழ் என்ற ஒன்று இருப்பதே தெரிந்தது. அதுவரை நான் குத்துமதிப்பாகத்தான் சுட்டிருக்கிறேன்.

நாலாம் படி, போட்டி போலவே மதிப்பெண் போட்டுச் சுடுவது. அங்கே வாய் குறுக்கே வந்தது. விரல் விசையை அழுத்தப் போகிற நேரம், என்னை அறியாமல் வாய் திறக்கும்.

"நாஷ்டா ஆச்சா?"

குடோனே சிரித்தது, டீச்சர் ஒருவரைத் தவிர. போட்டியில் வாயைத் திறந்தால் மதிப்பெண் போகும் என்று திவ்யா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்காமல் சுட்டால் விரல் மரத்துப்போய் நின்றது. கடைசியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை எடுத்து வாயில் ஒட்டிக்கொண்டு பழகினேன். கேள்வி தொண்டையோடு நின்றது, விரல் அசைந்தது. என்னை அழைத்துப்போக வந்த லூர்து இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் திவ்யாவிடம் பணிவாகக் கேட்டார்.

"கோச்சம்மா, இத வூட்லயும் ஒட்டிக்கலாமா?"

ஊரில் சேதி பரவியது. சுகாதார நிலையத்தில் எனக்குத் திடீரென்று மரியாதை. மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டால் மழுப்புகிற சர்க்கரைக்காரர் ஒருவர், "சத்தியமா துன்னேன் சிஸ்டர்" என்று எழுந்து நின்று சொன்னார். ஆனாலும் ஊசித் தட்டு வரவில்லை.

புருவத்தால் ஒரு வணக்கம்

மூன்று வருஷத்துக்கு மேல் டீச்சரும் நானும் ஞாயிறுதோறும் பக்கத்துப் பக்கத்து மேசையில் சுட்டோம். பேச்சு கிடையாது. வந்ததும் அவர் ஒரு புருவத்தைத் தூக்குவார், நான் ஒரு புருவத்தைத் தூக்குவேன். வணக்கம் முடிந்தது. அவர் எப்போதும் என்னைவிட ஒரு படி மேலே இருந்தார். நான் ஒரு பத்து போட்டால் அட்டையை விசிறிபோல வீசிக்கொண்டு அவர் கண்ணில் படுகிறபடி நடப்பேன். அவர் பத்து போட்டால் நான் செருப்பு வாரைச் சரிசெய்வேன்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஏகாதசி வந்தால் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் விரதம். அன்றைக்கும் சுட வந்துவிடுவார். திவ்யா கத்துவாள். "டீச்சர், பெருமாளுக்கு ஸ்கோரெல்லாம் தெரியாது. சாப்ட்டு வாங்க!" அவர் காதில் வாங்கமாட்டார். அன்றைய அட்டைகள் மட்டும் என் அட்டைகள் மாதிரி இருக்கும். நான் ஏகாதசியை எதிர்பார்த்துக் காலண்டர் பார்த்த காலமும் உண்டு. மாதா என்னை மன்னிக்கட்டும்.

ஐம்பத்திரண்டு

போட்டி செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. டீச்சருக்கும் எனக்கும் வழக்கம்போலப் பக்கத்துப் பக்கத்து மேசை விழுந்தது. அத்தனை பேர் நடுவில் வாயில் பிளாஸ்திரி ஒட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் ஆரஞ்சு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சுட்டேன். வாய்க்கு வேலை இருந்தால் பேசாது.

இருபதாவது குண்டுக்கு முன்னால் ஒரு மிட்டாய் கரைந்துபோனது, நான் கவனிக்கவில்லை. வாய் திறந்தது. மீசைக்கார நடுவர் வந்து நின்றார்.

"அம்மா, பேசக் கூடாது. இன்னொரு தபா பேசினா ரெண்டு மார்க் போயிடும்."

அதற்குப் பிறகு மிட்டாய்மேல் மிட்டாய். ஐம்பத்தொன்றோடு கன்னம் காலி. பையில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதைக் கடைசி ஐந்துக்கு என்று பத்திரம் பண்ணினேன். என் கஞ்சத்தனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஐம்பத்திரண்டுக்குக் கையைத் தூக்கினேன். குமிழ் பளிச்சென்று நின்றது. கறுப்பு கலங்கியது. விரல் அழுத்தியது.

"நாஷ்டா ஆச்சா?"

கிசுகிசுப்பாகத்தான் வந்தது. நடுவர் அந்தக் கோடியில் இருந்தார். ஆனால் குண்டு புறப்பட்டபோது கை கொஞ்சம் தாழ்ந்ததை நான் உணர்ந்தேன். பக்கத்தில் டீச்சர் நீட்டிய கையைச் சட்டென்று இறக்கி என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி நீட்டினார். நான் துப்பாக்கியை வைத்துவிட்டு, அட்டையை இழுக்கிற கைப்பிடியைத் தொடுவதற்குள் 'டப்' என்று கேட்டது.

அப்புறம்தான் இரண்டு ஓட்டையோடு அட்டை வந்தது. கிறுகிறுப்பில் டீச்சர் என் அட்டையைக் குறிபார்த்துச் சுட்டிருந்தார்.

நடுவர் வந்தார். இரண்டு அட்டைகளையும் பார்த்தார். "யாரு மாத்தி சுட்டது?"

டீச்சர், அவருடைய மாணவிகள் தூக்குவது போலவே கையைத் தூக்கினார்.

"நான்தான் சார். கை நடுங்கிடுத்து."

மூன்றரை வருஷம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் வாயால், பத்துப் பேர் எதிரில், அதே குரலில். கனவில்கூட இவ்வளவு சரியாக அமைந்ததில்லை.

நடுவர் விதியைச் சொன்னார். அடுத்தவர் அட்டையில் சுட்டவருக்கு அந்தக் குண்டுக்குப் பூஜ்யம். எந்த ஓட்டை யாருடையது என்று தெரியாததால், இரண்டில் பெரியது அட்டைக்காரருக்கு. "உங்களுக்குப் பத்து எழுதிடறேம்மா."

எனக்குப் பத்து, டீச்சருக்கு முட்டை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வாயை மூடுவதற்குத்தானே இத்தனை நாள் பிளாஸ்திரி ஒட்டிப் பழகினேன்!

டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. இதைப் பார்த்தபிறகு நர்ஸ் எப்படிச் சும்மா இருப்பாள்?

"டீச்சர், நாஷ்டா ஆச்சா?"

இந்த முறை அட்டையை அல்ல, அவரைத்தான் கேட்டேன்.

"ஏகாதசி, சிஸ்டர். நேத்து ராத்திரிலேந்து ஒண்ணுமில்ல."

எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், யார்மேல் என்றே தெரியாத கோபம். பஞ்சு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அந்த மத்தியானம் அப்படியே நெஞ்சில் வந்து நின்றது. அதை இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் இந்த டீச்சராகவே இருந்தாலும்.

"சார், நான் பேசினேன். அதனாலதான் அவங்க தடுமாறிட்டாங்க."

"இன்னா பேசினீங்க?"

"நாஷ்டா ஆச்சானு கேட்டேன்."

"யார?"

"அட்டைய."

நடுவர் தன் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு இன்னொரு நடுவரைக் கூப்பிட்டார். இருவரும் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

"சார், பத்து எனக்கு வேணாம். அந்த ஆறுதான் என்னுது" என்றேன். "கை இறங்கினது எனக்கே தெரிஞ்சுது."

"இல்ல சார், ஆறு என்னோடதாத்தான் இருக்கும்" என்றார் டீச்சர்.

"டீச்சர், சும்மா இருங்க. ஆறு என்னுது!"

"நீங்க சும்மா இருங்கோ சிஸ்டர்!"

"யம்மா!" என்றார் நடுவர். "பத்துக்கு அடிச்சிக்கிறவங்கள நெறைய பாத்துக்கீறேன். ஆறுக்கு அடிச்சிக்கிறவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

தீர்ப்பு வந்தது. டீச்சரின் குண்டு செல்லாது, திரும்பச் சுடலாம். பத்து எனக்கே, அது விதி. பேசியதற்கு எனக்கு இரண்டு மதிப்பெண் வெட்டு.

பையிலிருந்த கடைசி மிட்டாயை உரித்து டீச்சரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். விரதத்தை நினைத்திருப்பார்.

"இது மருந்து டீச்சர். வாயத் தெறங்க."

இருபது வருஷ ஊசிக் குரலில் சொன்னேன். அவர் வாயைத் திறந்தார். மிட்டாய் கரையும் வரை காத்திருந்து சுட்டார். ஒன்பது.

மீதி எட்டையும் நான் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு சுட்டேன். ஒன்றுகூடக் கறுப்பை விட்டு வெளியே போகவில்லை. முடிவுகளை ஒட்டியபோது டீச்சர் ஐந்நூறைத் தாண்டியிருந்தார். என் பெயருக்கு நேராக நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று போட்டிருந்தது. வெட்டிய இரண்டு இருந்திருந்தால் நானும் தேறியிருப்பேன். விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன், மாறவில்லை.

சாலவாக்கம் வரை

திரும்புகிற பஸ்ஸில் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அன்னிக்கு நீங்க சாப்பிடலையா சிஸ்டர்?"

எந்த அன்றைக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இல்ல டீச்சர்."

சாலவாக்கம் வரை அவர் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு ஸ்டெப்ப விட்டுட்டு ஆன்சர் எழுதிட்டேன்."

நான் புருவத்தைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

கடைசி பெஞ்சு வரை

சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. நான் ரெஜிஸ்டர் மேசையில் பேர், வயசு, ஊர் எழுதிக்கொண்டிருந்தேன். சுமதியின் வரிசை வேப்பமரம் வரை நின்றது. வைஜயந்தி டீச்சர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஐந்து வயது ஊசி. வரிசையில் நிற்காமல் நேரே என் மேசைக்கு வந்தார்.

"என் பொண்ணுக்கு மேரி சிஸ்டர்தான் போடணும்."

அதே குரல். வேப்பமரம் வரை கேட்டது. டாக்டர் அறையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தட்டைக் கொடுக்கும்படி சுமதிக்குச் சைகை காட்டினார். நான் பேனாவை மூடிவிட்டு எழுந்தேன்.

"இருங்கோ," என்றார் டீச்சர். "மொதல்ல, நாஷ்டா ஆச்சா?"

மணி பதினொன்று. நான் விழித்த விழியிலேயே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. கைப்பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். வெண்பொங்கல், நெய் மினுமினுத்தது. முப்பது பேர் பார்க்க, ரெஜிஸ்டரை ஒதுக்கிவைத்துவிட்டு நான் சாப்பிட்டேன். அவசரத்தில் பொங்கலை வாரி வாரி வாயில் போட்டுக்கொண்டேன்.

"மெதுவா துன்னு சிஸ்டர்," என்று வரிசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். "நாங்க இன்னா ரயிலா புடிக்கப் போறோம்?"

கை கழுவிக்கொண்டு வந்து மருந்தை ஏற்றினேன். டீச்சர் என் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை சட்டைக் கையைத் தானே தூக்கிப் பிடித்தது.

"நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஆச்சு," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கும் ஆச்சு, நான் பாத்தேன்" என்றாள்.

அதற்குள் நான் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது, சுமதியின் வரிசையில் பாதிப் பேர் என் முன்னால் வந்து நின்றார்கள்.